கொடி பிடித்த அப்பா: ஒரு டச்சு வாரயிறுதியின் நிகழ்வு ஆய்வு

2012 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நெதர்லாந்தின் அல்மேரே நகரில் பாய்டன்பாய்ஸ் கிளப்பின் மைதானத்தில் பதின்வயதுப் பையன்களின் கால்பந்து லீக் ஆட்டம் ஒன்று முடிந்தது. எதிரணி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த நியூ ஸ்லோட்டன். லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர் ரிச்சர்ட் நியூவென்ஹவுசன், வயது 41. பாய்டன்பாய்ஸ் அணியில் அவர் மகனும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் சிலர் அவரைச் சூழ்ந்து அடித்தார்கள். கீழே விழுந்தவரைத் தலையிலும் கழுத்திலும் உதைத்தார்கள். அவர் எழுந்துவிட்டார். பெரிய காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. மறுபடி மைதானத்துக்கே வந்து இன்னொரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சில மணி நேரத்தில் சரிந்தார். மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

டச்சுக் கால்பந்துச் சங்கமான கே.என்.வி.பி., அடுத்த வாரயிறுதியின் அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையையும் ரத்து செய்தது. டிசம்பர் 8, 9 ஆகிய இரண்டு நாளும் 30,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கவில்லை. தொழில்முறை ஆட்டங்கள் மட்டும் ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கின. 9ஆம் தேதி அல்மேரேயில் நடந்த அமைதி ஊர்வலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். நியூ ஸ்லோட்டன் அந்த அணியைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது.

2013 ஜூனில் தீர்ப்பு வந்தது. அவருடைய கழுத்துத் தமனி ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கலாம், உதை காரணமல்ல என்று பிரதிவாதிகள் தரப்பில் ஒரு நோயியல் நிபுணர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்டக்காரப் பையன்கள் பலரும் அவர்களில் ஒருவனுடைய தந்தையும் குற்றவாளிகள் என்றானது. தந்தைக்கு 6 ஆண்டு சிறை. பையன்களில் பெரும்பாலோருக்குச் சிறார் காவலில் 2 ஆண்டு. அந்த வயதில் விதிக்கக்கூடிய உச்ச அளவே அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தந்தையின் தண்டனையை உறுதி செய்தது.

வழக்கு இருக்கட்டும். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி நீதிமன்றத்தில் வராதது. அந்தக் கொடி ஏன் அவர் கையில் இருந்தது? அதே நாட்டில் ஹாக்கி மைதானங்களிலும் அப்பாக்களும் அம்மாக்களும் அண்ணன்மார்களும்தான் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு ஏன் அவ்வளவு எளிதாகக் கைகலப்பில் முடிவதில்லை?

சனி, ஞாயிறு

நம்மூரில் இளையோர் விளையாட்டு என்றால் பள்ளி அணி, டோர்னமென்ட், கோப்பை. நாலு நாள் மைதானம் நிறையும், பிறகு அடுத்த டோர்னமென்ட் வரை காலி. டச்சுக்காரர்களிடம் பள்ளிக்கூடத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. எல்லாம் கிளப்தான். செப்டம்பர் வாக்கில் தொடங்கும் லீக், குளிர்கால இடைவெளி போக, மே மாதம் வரை வாராவாரம் ஓடும். ஏறத்தாழ 1.8 கோடி மக்கள் கொண்ட நாட்டில் கே.என்.வி.பி.யின் உறுப்பினர்கள் மட்டும் 12 லட்சம் பேர். ஹாக்கிச் சங்கமான கே.என்.எச்.பி.க்கு 300க்கும் மேற்பட்ட கிளப்கள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். அவர்களில் பெண்களே அதிகம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு ஹாக்கித் தங்கத்தையும் ஒரே நாடாக அவர்கள் அள்ளிக்கொண்டு போனதற்குப் பின்னால் இந்தச் சனி, ஞாயிறு கூட்டம்தான் இருக்கிறது.

கால்பந்தில் சனிக்கிழமை லீக், ஞாயிற்றுக்கிழமை லீக் என்று இரண்டு தனி உலகமே உண்டு. ஞாயிறு ஓய்வுநாள், அன்று பந்து உதைக்கக் கூடாது என்று நின்ற புராட்டஸ்டன்ட் கிளப்கள் சனியை எடுத்துக்கொண்டன. அந்தப் பிரிவினை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஹாக்கியில் பொதுவாகச் சனி பிள்ளைகளுக்கு, ஞாயிறு பெரியவர்களுக்கு.

இத்தனை ஆட்டத்துக்கும் சங்கம் ரெஃப்ரி அனுப்ப முடியாது. மேல்நிலை ஆட்டங்களுக்குத்தான் அனுப்பும். மற்றதெல்லாம் கிளப்பின் பொறுப்பு. பந்து, வலை, கேன்டீன், அதில் காபி ஊற்ற ஆள் என்று வரிசையாகத் தேடும்போது ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் அதே பட்டியலில் வருவார்கள். சனிக்கிழமை காலை ஒரு அப்பாவைப் பிடித்து, "இன்னைக்கு நீங்க கொடி பிடிச்சிடுங்க" என்பதுதான் நியமனம். அவர் விதிகளைக் கடைசியாக எப்போது படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. வேறு ஆள் இல்லை என்பதே தகுதி.

ஆஃப்சைடு கொடியின் கணக்கு

லைன்ஸ்மேனின் வேலையில் பெரும்பகுதி இரண்டுதான்: பந்து கோட்டைத் தாண்டியதா, யார் ஆஃப்சைடு. முதலாவதில் சண்டை அதிகம் வராது. எல்லாருக்கும் தெரிகிறது, தப்பானாலும் போவது ஒரு த்ரோ-இன். ஆஃப்சைடு, அதாவது பாஸ் வரும்போதே எதிரணித் தற்காப்பாளர்களைத் தாண்டி கோலுக்கு அருகே நிற்பது, வேறு விதம். பாஸ் காலைவிட்டுப் பிரியும் அந்தக் கணத்தில், முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவன் எங்கே நின்றான் என்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சி ஆட்டத்தில் பல கேமராக்களும் கணினிக் கோடும் வைத்தும் ஓயாத தகராறு அது. அதை ஒரு அப்பா, தூறலில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது, அதுதான் என் கண்ணில் விபரீதமானது. டச்சு அமெச்சூர் ஆட்டங்களில் கிளப் லைன்ஸ்மேன் வழக்கமாக நிற்பது தன் அணி தற்காக்கும் பாதியில். இடைவேளைக்குப் பிறகு அணியோடு சேர்ந்து அவரும் பக்கம் மாறுவார். அதாவது, ஆட்டம் முழுக்க அவர் கொடி தூக்குவது எதிரணியின் தாக்குதலுக்கு எதிராக மட்டும். பத்துத் தடவை சரியாகத் தூக்கினாலும், கோலை நோக்கி ஓடும் பதினாறு வயதுப் பையன் பார்ப்பது ஒன்றே ஒன்று: அவன் ஓடும்போதெல்லாம் எதிரணிக்காரன் ஒருவனுடைய அப்பா குறுக்கே நிற்கிறார். ரெஃப்ரியிடம் முறையிட முடியாது. பாதித் தூரம் தள்ளி நிற்கும் ரெஃப்ரி, கொடியை நம்பித்தான் ஊதுகிறார். கோபம் முழுக்க ஒரே ஆள்மேல் குவிகிறது. அந்த ஆளுக்கு அதிகாரம் என்று எதுவும் கிடையாது. அட்டை காட்ட முடியாது, ஆட்டத்தை நிறுத்த முடியாது, கையில் துணிக்கொடி மட்டும்.

அல்மேரேயில் அன்று எந்தத் தீர்ப்பு யாரை உசுப்பியது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எந்தத் தீர்ப்பும் அந்த உதைகளுக்கு நியாயம் ஆகாது. ஆனால் அதிகாரமே இல்லாத ஒருவரிடம் ஆட்டத்தின் மிகக் கடினமான, ஒருதலையாகவே தோன்றக்கூடிய தீர்ப்பை ஒப்படைத்த ஏற்பாடு அன்றைக்கு முளைத்ததல்ல. ஒவ்வொரு வாரயிறுதியும், ஆயிரக்கணக்கான மைதானங்களில், அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து மைதானம்

ஹாக்கிக்கும் கிளப்தான் ஆள் தருகிறது. அங்கேயும் விசில் ஊதுபவர் யாரோ ஒருவரின் அப்பா, அல்லது காலையில் தன் ஆட்டத்தை முடித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்த பதினேழு வயதுப் பெண். பாரபட்சத்துக்கு வாய்ப்பு அதே அளவு உண்டு. பந்தோ 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக். கையில் ஆளுக்கொரு மட்டை. அடிதடிக்கு வேண்டிய சாமான் அங்கேதான் அதிகம்.

வித்தியாசம் விதிகளில் தொடங்குகிறது. முதலாவது, ஆஃப்சைடே இல்லை. ஹாக்கி அதை 1996இல் சோதனையாக விலக்கி, 1998இல் ஒரேயடியாக விட்டது. கோல்கள் அதிகமாக வேண்டும், ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும் என்பதே நோக்கம். அதன் பக்கவிளைவாக, அமெச்சூர் அம்பயரின் தலையிலிருந்து மிகக் கடினமான தீர்ப்பு இறங்கிவிட்டது.

இரண்டாவது, அம்பயர்கள் இரண்டு பேர், சம அதிகாரம், ஆளுக்குப் பாதி மைதானம். அணிகள் பக்கம் மாறும், அம்பயர் மாறமாட்டார். ஆகவே ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளின் தாக்குதலையும் அவர் பார்த்தாக வேண்டும். முதல் பாதியில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் (கோலருகே தவறு நடந்தால் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) மறுத்தவர், இரண்டாம் பாதியில் தன் கிளப்புக்கு அதே மாதிரி ஒன்றைத் தர நேர்ந்தால் கை தயங்கும். கள்ளத்தனம் செய்யவே முடியாது என்றில்லை; செய்தால் எல்லாருக்கும் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவதை விதிப்புத்தகத்தில் தேடினால் ஒழுக்கம் என்ற தலைப்பில் கிடைக்காது. 2009இல் வந்த செல்ஃப்-பாஸ் அது. எதிரணியின் தவறுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் இன்னொருவருக்குத் தட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். இதனால் விசிலுக்குப் பிறகு வாதாட நேரமே இல்லை. "ரெஃப், என்ன இது?" என்று கையை விரித்து நின்றால், எதிராளி உங்களைத் தாண்டிப் போய்விட்டிருப்பார். மேலும் ஏதாவது முணுமுணுத்தால் ஃப்ரீ ஹிட் பத்து மீட்டர் வரை முன்னே போகும். கால்பந்தில் ஃபவுலுக்குப் பிறகு ஐந்தாறு பேர் ரெஃப்ரியைச் சூழ்வது சர்வசாதாரணம். அந்த நேரத்தில் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை என்பதால்தான் சூழ்கிறார்கள்.

பிறகு அட்டைகள். இன்றைய ஹாக்கியில் பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். தண்டனை சின்னது, உடனடியானது, சக ஆட்டக்காரர்களுக்கு வலிக்கக்கூடியது. வெளியே உட்கார்ந்திருப்பவனை அவன் அணியினரே முறைப்பார்கள். கால்பந்தின் மஞ்சள் அட்டையில் அந்த வலி இல்லை. பெயரை எழுதிக்கொள்வார்கள், அவன் அங்கேயே நின்று ஆடுவான். ஹாக்கி விதியில் கேப்டனுக்கும் ஒரு பாரம் உண்டு. தன் அணியினரின் நடத்தைக்கு அவர் பொறுப்பு. அடக்கத் தவறினால் அவருக்கே அட்டை வரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது, முறை வைத்து ஊதும் வழக்கம். டச்சு ஹாக்கிக் கிளப்கள் பலவற்றில் பதின்வயதில் விதித் தேர்வு எழுதி அம்பயர் அட்டை வாங்க வேண்டும். பிறகு முறை போட்டு இளைய பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு ஊத வேண்டும். கேன்டீனில் நிற்க ஒரு முறை இருப்பதுபோல விசிலுக்கும் ஒரு முறை. வராவிட்டால் அபராதம் போடும் கிளப்களும் உண்டு. ஞாயிறு மதியம் உங்கள் ஆட்டத்துக்கு ஊதும் ஆளை நீங்கள் திட்டலாம். ஆனால் சனிக்கிழமை காலை பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று "அது கால்ல பட்டுச்சு, இது படல" என்று நீங்களே திண்டாடியிருப்பீர்கள். திட்ட வாய் வரும்போது அது நினைவுக்கு வரும். கால்பந்தில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வாழ்நாளில் ஒரு ஆட்டத்துக்குக்கூட விசில் ஊதியதில்லை. அவர்களுக்கு ரெஃப்ரி என்பவர் வேறு ஜாதி.

"ஹாக்கி பணக்காரப் பிள்ளைகள் ஆட்டமாச்சே"

இந்த மறுப்பு நியாயமானது. நெதர்லாந்தில் ஹாக்கி, வசதியான குடும்பங்களின் ஆட்டம். சந்தா அதிகம், மட்டையும் பாதுகாப்புச் சாமானும் செலவு. கால்பந்துக் கிளப்புக்கு நகரத்தின் எல்லாத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே ஹாக்கியின் அமைதியில் ஒரு பங்கு, யார் உள்ளே வர முடிகிறது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இதை மறைத்துவிட்டு ஹாக்கியைப் புகழ்வதில் அர்த்தமில்லை. ஹாக்கி மைதான ஓரத்திலும் கத்தும் பெற்றோர் உண்டு. கொஞ்சம் நாகரிகமான சொற்களில் கத்துவார்கள், அவ்வளவுதான்.

2012இல் இந்த வாதம் இன்னும் மோசமான வடிவில் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் மொரோக்கோ வம்சாவளியினர் என்று தெரிந்ததும், வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸ், இது கால்பந்துப் பிரச்சினை அல்ல, மொரோக்கோப் பிரச்சினை என்றார். அது ஓட்டு வாங்கும் பேச்சு. குடியேறியவர் யாரும் இல்லாத கிராமத்து மைதானங்களிலும் ரெஃப்ரிகள் திட்டும் அடியும் வாங்குகிறார்கள். பக்கத்து நாடுகளிலும் அதே கதைதான்.

ஆட்களைப் பொறுத்ததா, விதிகளைப் பொறுத்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு விதியை மட்டும் மாற்றுவது. இங்கிலாந்தில் அதைச் செய்தார்கள். 2017–18 பருவத்திலிருந்து 31 அடிமட்டக் கால்பந்து லீக்குகளில் சின்-பின் முறையைச் சோதித்தார்கள். ரெஃப்ரியிடம் வாதாடி மஞ்சள் அட்டை வாங்கினால் 10 நிமிடம் வெளியே. அதே ஊர்கள், அதே ஆட்டக்காரர்கள். வாதாட்டத்துக்கான தண்டனைகள் 38 சதவீதம் குறைந்ததாக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. 2019–20இல் எல்லா அடிமட்ட லீக்குகளுக்கும் அதை விரித்தது. ஹாக்கிக்காரர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததைச் செய்ததும் கால்பந்துக்காரர்களின் வாயும் கொஞ்சம் அடங்கியது. எல்லாம் வர்க்கம்தான் என்பவர்கள் இந்த 38க்குப் பதில் சொல்ல வேண்டும்.

முழுக்க அடங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் அதே சங்கம் மிடில்ஸ்பரோவில் தொடங்கி, லிவர்பூல், வூஸ்டர், எஸெக்ஸ் பகுதிகளில் அடிமட்ட ரெஃப்ரிகளின் நெஞ்சில் கேமரா மாட்டிவிடும் சோதனையில் இறங்கியது. அடிப்பவன் படத்தில் பதிவாவான் என்ற பயத்தை நம்பும் வழி அது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கேமரா மாட்டிய ரெஃப்ரி ஆட்டக்காரனிடமிருந்து இன்னும் ஓர் அடி தள்ளிப்போகிறார்.

அதற்குப் பிறகு கே.என்.வி.பி. செய்தது

2013இன் தொடக்கத்தில் கே.என்.வி.பி. ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதில் தண்டனைகளைக் கடுமையாக்கும் பகுதி எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. ஒன்று, கீழ்நிலை அமெச்சூர் ஆட்டங்களில் மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிடம் வெளியே உட்காரும் காலத் தண்டனை. மற்றது விதிச் சான்றிதழ்: ஏறத்தாழ 16 வயதில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் இணையத்தில் விதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், தேறாமல் அடுத்த வயதுப் பிரிவில் ஆட முடியாது. அல்மேரேயில் ஆடியவர்களும் ஏறத்தாழ இதே வயதுக்காரர்கள்தான்.

சான்றிதழ் நல்ல தொடக்கம். ஆனால் அது பாதி வழியில் நிற்கிறது. ஹாக்கியில் தேர்வு எழுதியவன் அடுத்த சனிக்கிழமை விசிலோடு மைதானத்தில் நிற்கிறான். கால்பந்தில் தேர்வு எழுதியவன் மறுபடி ஆட்டக்காரனாகவே திரும்புகிறான். விதி தெரிவதும், அந்த விதியை எரிச்சலில் இருக்கும் இருபத்திரண்டு பேருக்கு முன்னால் நொடியில் சொல்வதும் ஒன்றல்ல.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் துணிச்சலாகப் போனார்கள். 2017 முதல் படிப்படியாகச் சிறுவர் கால்பந்தின் உருவத்தையே மாற்றினார்கள். 7 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நாலு பேர், 8 முதல் 10 வரை ஆறு பேர், 11, 12 வயதுக்குட்பட்டோர் எட்டுப் பேர் என்று ஆடுகளம் சுருங்கியது. சிறு வயதினர் ஆட்டத்தில் ரெஃப்ரிக்குப் பதிலாக ஆட்ட வழிகாட்டி ஒருவர். பிள்ளைகளே பேசித் தீர்த்துக்கொள்ள விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் தலையிடுவார். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் கையால் எறிவது இல்லை; காலாலேயே உள்ளே ஓட்டிக்கொண்டு வரலாம் அல்லது பாஸ் செய்யலாம். ஹாக்கியின் செல்ஃப்-பாஸைப் பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த முகம். விளைவும் அதேதான்: பந்து நிற்பதில்லை, வாதமும் நீள்வதில்லை.

13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் கதை மாறுகிறது. அங்கே முழு மைதானம், பதினோரு பேர், ஆஃப்சைடு, பக்கக்கோட்டில் கிளப் லைன்ஸ்மேன். ஹாக்கி விட்டதுபோல ஆஃப்சைடைக் கால்பந்து விட்டுவிடாது. உலகம் முழுக்க ஒரே விதி, அது அமெச்சூர் ஆட்டத்தின் வசதிக்காக மாறப்போவதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை யார் சொல்ல வேண்டும் என்பது உலக விதி அல்ல, உள்ளூர் ஏற்பாடு. கீழ்நிலை இளையோர் ஆட்டங்களில் லைன்ஸ்மேன் பந்து வெளியே போனதை மட்டும் காட்டட்டும், ஆஃப்சைடை ரெஃப்ரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சங்கம் தீர்மானிக்கலாம். தப்புகள் கூடும், சந்தேகமில்லை. அந்தத் தப்புகள் விசிலும் அட்டையும் கையில் உள்ளவரின் கணக்கில் சேரும். அதுவும் முடியாதென்றால், இரண்டு லைன்ஸ்மேன்களும் இடைவேளையில் பக்கம் மாறாமல் அதே பாதியில் நின்றாலே போதும். ஹாக்கி அம்பயரைப்போல இரண்டு அணியின் தாக்குதலையும் ஒரே அப்பா பார்க்க வேண்டிவரும். இதற்குப் பணம் வேண்டாம், கேமரா வேண்டாம். வழக்கத்தை மாற்றச் சொல்லி கிளப்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.